சீஸ் ஸ்கோன் ஏன் கனத்துப்போகிறது?

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அங்குள்ள தேநீர் விடுதிகளில் கிடைக்கும் சீஸ் ஸ்கோன், அதாவது சீஸ் கலந்து ஈஸ்ட் இல்லாமல் உப்பவைத்துச் சுடும் சிறு ரொட்டி, கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருக்கிறது; அவர் வீட்டில் சுடுவதோ மேலே ஓடுபோல இறுகி, உள்ளே களிபோல அடர்ந்துவிடுகிறது. பேக்கிங் பவுடர் கலந்தே விற்கப்படும் செல்ஃப் ரைசிங் மாவு 225 கிராம், வெண்ணெய் 75 கிராம், செடார் சீஸ் 150 கிராம், ஒரு முட்டை, பால் 100 மி.லி. என்பது அவருடைய அளவு. மாவை வழவழப்பாகும்வரை பிசைந்து, பூரிக்கட்டையால் தேய்த்து, டம்ளரின் விளிம்பால் வட்டமாக வெட்டி, 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சுடுகிறார். ரோஸ்மேரி, தைம் போன்ற வாசனைத் தழைகளையும் சேர்க்க விரும்புகிறார். ஆனால் சேர்த்தவற்றின் மணம் சுட்டபின் நிற்பதில்லை என்கிறார்.

இவ்வளவு துல்லியமாக எழுதியதால் பதில் சொல்வது எளிதாகிறது. பெரும்பாலானவர்கள் இந்தக் குறைக்குப் பேக்கிங் பவுடரைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள். நான் வெண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் அளவுகளில் கணக்குத் தவறியிருப்பது அங்கேதான்.

வெண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 82 பங்கு கொழுப்பு. செடாரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கொழுப்பு. அதே அளவுக்கோ சற்றுக் கூடுதலாகவோ நீர். மீதியில் பெரும்பகுதி புரதம். அப்படியானால் உங்கள் 75 கிராம் வெண்ணெயிலிருந்து 61 கிராம், 150 கிராம் சீஸிலிருந்து 50 கிராமுக்குச் சற்று மேல், முட்டையிலிருந்து 5 கிராம் என்று மொத்தம் 117 கிராம் அளவுக்குக் கொழுப்பு சேர்கிறது. மாவோ 225 கிராம்தான். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு என்ற கணக்கில் செய்யப்படும் ஷார்ட்பிரெட் என்னும் ஸ்காட்லாந்து பிஸ்கட்டில் மாவுக்குக் கொழுப்பு எந்த விகிதத்தில் இருக்குமோ, ஏறக்குறைய அதே விகிதம் இது. நீங்கள் சுட்டது, உப்பச் சொல்லிக் கட்டளையிடப்பட்ட ஒரு பிஸ்கட். சாதாரண இனிப்பு ஸ்கோனில் 225 கிராம் மாவுக்கு 50 கிராம் அளவில்தான் வெண்ணெய் போடுவார்கள். கொழுப்பு மாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

கொழுப்பு கூடினால் பண்டம் மென்மையாகத்தானே வரும் என்று நீங்கள் கேட்கலாம். மென்மை வேறு, இலேசு வேறு. ஷார்ட்பிரெட் மென்மையானது, வாயில் வைத்தால் உதிர்வது. அதை யாரும் இலேசானது என்று சொல்லமாட்டார்கள். மாவுக்குள் உண்டாகும் வாயுவும் நீராவியும் விரிந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் அவற்றைச் சுற்றியுள்ள மாவுச் சுவர் வெந்து இறுகிவிட்டால் பண்டம் இலேசாக வரும். வெண்ணெய் 35 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடுகிறது. சீஸ் 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்குகிறது. மாவிலுள்ள ஸ்டார்ச் நீரை உறிஞ்சிப் பருத்துக் கெட்டிப்படுவதோ அந்த வெப்பத்துக்கு மேல்தான். ஆக, கொழுப்பெல்லாம் இளகி ஓடத் தொடங்கிய பிறகும் சுவர் நிற்பதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் கொழுப்பு அளவோடு இருந்தால் மாவு தாங்கும். மிஞ்சினால் சுவர் சரிந்து, வாயு வெளியேறி, பண்டம் அகலமாகப் பரவி அமர்ந்துவிடும். 180 டிகிரி என்ற மந்தமான சூடு இந்த இடைவெளியை இன்னும் நீட்டுகிறது. உங்கள் ஸ்கோனின் உள்ளே காணும் களித்தன்மை பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

எனவே சீஸ் சேர்க்கும்போது வெண்ணெயைக் குறைக்க வேண்டும். சீஸின் அளவையும் குறைத்து, அதன் சுவையைக் கூட்ட வேண்டும். நான் பயன்படுத்தும் அளவைச் சொல்கிறேன். சாதாரண மைதா 250 கிராம். தலைதட்டிய தேக்கரண்டியில் மூன்று அளவு பேக்கிங் பவுடர். கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சமையல் சோடா. கால் தேக்கரண்டி உப்பு. அரைத் தேக்கரண்டி கடுகுத்தூள். குளிர்ந்த வெண்ணெய் 45 கிராம். நன்றாக முதிர்ந்த செடார் 75 கிராம். பார்மெசான் என்னும் கெட்டியான இத்தாலியச் சீஸ் 20 கிராம். புளிக்காத கெட்டித் தயிர் 75 கிராம். குளிர்ந்த பால் 90 மி.லி. செல்ஃப் ரைசிங் மாவையே வைத்துக்கொள்வதானால் பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இதில் மொத்தக் கொழுப்பு மாவின் எடையில் முப்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கும். முட்டையை மாவுக்குள் சேர்ப்பதில்லை. அது உயரத்தைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே கேக் போன்ற இறுக்கத்தையும், ஆறியபின் ஒரு வறட்சியையும் தருகிறது. மேலே பூசுவதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இனி சீஸ். செடார் என்பது இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்திலுள்ள ஓர் ஊரின் பெயர். அங்குள்ள மலையிடுக்குக் குகைகளின் மாறாத குளிர்ச்சியில் ஒரு காலத்தில் சீஸைப் பதப்படுத்தினார்கள். இன்று உலகெங்கும் அந்தப் பெயரில் ஏதேதோ விற்கப்படுகிறது. கடையில் 'மைல்ட்' என்று எழுதியிருக்கும் இளம் செடார் சில மாதங்களே பதப்பட்டது. அதை 150 கிராம் போட்டாலும் சுட்ட பிறகு சீஸ் எங்கே என்று தேடவேண்டியிருக்கும். அதனால்தான் மக்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், ஸ்கோனும் கனத்துக்கொண்டே போகிறது. ஓராண்டோ அதற்கு மேலோ முதிர்ந்த செடாரில் புரதங்கள் சிதைந்து சுவை கூர்மையாகியிருக்கும். பாதி அளவு போதும். ஆனால் மிக முதிர்ந்த செடாருக்கு ஒரு குறை உண்டு: சூடு பட்டால் எண்ணெயைக் கக்கும். இதற்காகத்தான் அதன் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பார்மெசானைச் சேர்க்கிறேன். செடாரைவிட அதில் நீரும் குறைவு, கொழுப்பும் குறைவு, சுவையோ மிகுதி. இருபது கிராம் பார்மெசான் ஒரு ஸ்கோனுக்குச் செய்வதை ஐம்பது கிராம் இளம் செடார் செய்யாது.

துருவும் விதமும் முக்கியம். பார்மெசானைப் பொடியாகத் துருவி மாவோடு கலந்துவிடலாம். செடாரைப் பெரிய கண்ணில் துருவி, வெண்ணெய் பிசறி முடித்த பிறகு, குளிர்ந்த நிலையிலேயே போட வேண்டும். பொடியாகத் துருவிய செடார் மாவெங்கும் பரவி இன்னொரு வெண்ணெய்போல நடந்துகொள்கிறது. பெருந்துருவலோ ஆங்காங்கே தனித்து உருகி, தான் இருந்த இடத்தில் சிறு பொந்துகளை விட்டுச் செல்கிறது. பாக்கெட்டில் துருவியே விற்கும் சீஸ் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவுப்பொடி தூவப்பட்டது. மாவின் ஈரத்தை அதுவும் கொஞ்சம் குடிக்கும், ஆகவே கட்டியாக வாங்கித் துருவுவதே நல்லது. டப்பாவில் வரும் பதப்படுத்திய சீஸ், அதாவது நம் ஊர் சாண்ட்விச் கடைகளில் துருவிக் கொட்டுவது, உருக்கும்போது எண்ணெய் பிரியாமலிருக்கச் சேர்க்கப்பட்ட உப்புகளால் வழவழவென்று இளகுமே தவிர ஸ்கோனுக்குள் சுவையாக மாறுவதில்லை. வேறு வழியில்லை என்றால் அதையும் பயன்படுத்தலாம். அப்போது மாவில் உப்பே சேர்க்க வேண்டாம்.

அடுத்தது கை. எழுதத் தயங்கினாலும் எழுத வேண்டியிருக்கிறது: சப்பாத்தியும் பூரியும் பழகிய கை ஸ்கோனுக்கு எதிரி. மாவு வழவழப்பாகி, ஒட்டாமல், பந்தாகத் திரளும்போதுதான் நம் மனம் நிறைகிறது. அந்த வழவழப்பு குளூட்டன் என்னும் புரத வலை முழுதாகப் பின்னிக்கொண்டதன் அடையாளம். பரோட்டாவுக்கு அந்த வலைதான் உயிர். வீசினால் கிழியாமல் விரிவது அதனால்தான். ஸ்கோன் விரியவேண்டிய பண்டம் அல்ல, பிட்டால் பிளவுபடவேண்டிய பண்டம். வலை இறுகப் பின்னிய மாவுக்குள் பேக்கிங் பவுடர் எவ்வளவு முயன்றாலும், அது ரப்பர்போல இழுத்துப் பிடித்து உயரவிடாது. ஈஸ்ட் போட்ட ரொட்டி மாவு மணிக்கணக்கில் மெல்ல உப்புகிறது, ஆகையால் அந்த இழுவையைச் சமாளித்துக்கொள்ளும். ஸ்கோனுக்குக் கிடைப்பது அடுப்பில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம்.

நல்ல வேளையாக, இதற்கு வேண்டிய கைப்பழக்கம் நம்மிடமே இருக்கிறது. புட்டுக்கு மாவு பிசறுகிறோமே, அதுதான். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, அல்லது உறையவைத்துத் துருவி, மாவில் போட்டு விரல்நுனிகளால் மட்டும் தேய்த்துத் தேய்த்து மேலே உயர்த்தி விட வேண்டும்; உள்ளங்கை படக்கூடாது, ஏனென்றால் உள்ளங்கையின் சூடே வெண்ணெயை உருக்கப் போதும். மாவு ரவைபோல உதிரியாக, இடையிடையே கடலைப்பருப்பு அளவுத் துணுக்குகளோடு தெரியும்போது நிறுத்திவிடுங்கள். அந்தத் துணுக்குகள் அடுப்பில் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகும் இடத்தில்தான் ஏடு ஏடாகப் பிரியும் அடுக்குகள் உண்டாகின்றன. சென்னை போன்ற ஊர்களில் கோடைகாலச் சமையலறையின் வெப்பமே வெண்ணெய் இளகும் நிலையை ஒட்டியிருக்கும். அங்கே செய்பவர்கள் மாவையும் பாத்திரத்தையும்கூடக் குளிர்பதனப்பெட்டியில் அரைமணி நேரம் வைத்தெடுப்பது மிகையாகாது.

பிறகு துருவிய சீஸையும் தழைகளையும் கலந்து, நடுவில் குழித்து, தயிரும் பாலும் கலந்ததை ஒரே தடவையில் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைவதும் சப்பாத்திப் பழக்கமே; ஒவ்வொரு தடவையும் கலக்கும்போது முன்பே நனைந்த மாவு மேலும் மேலும் பிசையப்படுகிறது. மழுங்கிய கத்தி ஒன்றால், வெட்டுவதுபோல, பத்துப் பன்னிரண்டு தடவை கலந்தால் போதும். கிடைப்பது அழகான உருண்டையாக இராது. கையில் சற்று ஒட்டும், ஆங்காங்கே உலர்ந்த மாவும் தெரியும். அதைப் பார்த்து இன்னும் மாவு தூவாதீர்கள்.   ஒட்டுகிற மாவுதான் இலேசான ஸ்கோனாக வரும், ஏனென்றால் அதிலுள்ள நீர்தான் நீராவியாகிறது. நீர் ஆவியாகும்போது தன் கொள்ளளவைப்போல ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிகிறது. பேக்கிங் பவுடர் செய்யும் வேலையில் பாதியை நீராவி செய்கிறது என்று நான் சொன்னால் அது வெறும் ஊகம். ஆனால் ஈரம் குறைந்த மாவை எவ்வளவு பேக்கிங் பவுடராலும் காப்பாற்ற முடியாது என்பது அனுபவம்.

பேக்கிங் பவுடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் பழைய ஸ்கோன், ஓட்ஸ் அல்லது பார்லி மாவைத் தட்டையாகத் தட்டி, தோசைக்கல் போன்ற இரும்புக் கல்லில் சுட்டுக் கால்வட்டங்களாக வெட்டிய ரொட்டி. இன்று நாம் காணும் உயரம் அதற்கு இல்லை. அந்த உயரம் 19ஆம் நூற்றாண்டின் வேதியியல் கொடுத்தது. பர்மிங்காமில் மருந்துக்கடை நடத்திய ஆல்ஃப்ரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்பவைக்கும் ஒரு தூளை உருவாக்கினார். இரண்டே ஆண்டுகளில், 1845இல், பிரிஸ்டலைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ் தானே உப்பும் மாவுக்குக் காப்புரிமை பெற்றார். உங்கள் பையிலிருக்கும் செல்ஃப் ரைசிங் மாவு அதன் வழிவந்ததுதான்.

இன்றைய பேக்கிங் பவுடரில் சமையல் சோடாவும் ஓர் அமிலப் பொருளும், அவை முன்கூட்டியே சேர்ந்துவிடாமல் உலர்வாக வைத்திருக்க ஸ்டார்ச்சும் இருக்கின்றன. ஈரம் பட்டதும் கொஞ்சம் வாயுவும், அடுப்பின் சூடு பட்டதும் மீதியும் வெளிவருகின்றன. சீஸ் ஸ்கோனுக்கு இனிப்பு ஸ்கோனைவிடச் சற்றுக் கூடுதலாக உந்துதல் வேண்டும், ஏனென்றால் தூக்கவேண்டிய சுமை கூடுதல். ஆனால் இதில் ஓர் எல்லை உண்டு. அமிலம் போதாமல் மிஞ்சும் சோடா சோப்புச் சுவையைத் தரும். வாயு மிதமிஞ்சினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெடித்து, ஸ்கோன் உயர்ந்து பின் அமரும். நான் சொன்ன அளவில் சோடாவுக்கு வேண்டிய அமிலத்தைத் தயிர் கொடுக்கிறது. தயிர் இல்லாதவர்கள் சோடாவை விட்டுவிட்டு, முழுவதும் பாலாகவே ஊற்றி, பேக்கிங் பவுடரை அரைத் தேக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம். உங்கள் டப்பா திறந்து ஆறு மாதத்துக்கு மேலாகியிருந்தால் ஒரு தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சீறிப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் டப்பாவை மாற்றிவிடுங்கள்.

தழைகளுக்கு வருவோம். உங்கள் மணம் எங்கே போகிறது என்பது நீங்கள் எந்தத் தழையைச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தழைகள் இரண்டு இனம். ரோஸ்மேரி, தைம், சேஜ் ஆகியவை கடினமான தண்டும் எண்ணெய் நிறைந்த சிறு இலையும் கொண்டவை. அவற்றின் மணம் சூட்டைத் தாங்கும், கொழுப்பில் கரையும். சைவ்ஸ், பார்ஸ்லி, டில் ஆகியவை நீர் நிறைந்த மெல்லிய தழைகள். அவற்றின் மணம் பெரும்பாலும் சூட்டில் பறந்துவிடும், நிறம் மட்டும் மிஞ்சும். முதல் இனத்தைக் குறைவாகவும் மிகப் பொடியாகவும், இரண்டாம் இனத்தைத் தாராளமாகவும் சேர்ப்பதுதான் வழி. 250 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி பொடியாக நறுக்கிய ரோஸ்மேரி போதும். அதைத் தாண்டினால் மருந்துக்கடை வாடை அடிக்கும். சைவ்ஸ் என்றால் மூன்று மேசைக்கரண்டி வரை தயங்காமல் போடலாம்.

கடினத் தழைகளின் மணத்தை நிறுத்திவைக்க நான் செய்வது ஒன்றுண்டு. நறுக்கிய ரோஸ்மேரியை அந்தக் கால் தேக்கரண்டி உப்போடு சேர்த்துக் கட்டைவிரலால் பலகையில் நசுக்கி, ஈரப்பச்சை நிறமாக மாறியதும், மாவோடு கலந்து, அதன் பிறகுதான் வெண்ணெயைப் பிசறுகிறேன். இலையின் எண்ணெய் உப்பில் இறங்கி, மாவெங்கும் பரவி, வெண்ணெயோடு சேர்ந்துகொள்கிறது. முழு இலையாகப் போட்டால் ஒரு கடியில் ஊசி, அடுத்த கடியில் ஒன்றுமில்லை. தைமுக்கு இன்னொரு வழி: பாலை இலேசாகச் சூடாக்கி, நாலைந்து கிளைகளை அதில் கால்மணி நேரம் ஊறவிட்டு, வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்துப் பயன்படுத்தலாம். குளிரவைக்க மறந்தால் வெண்ணெய் உருகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மெல்லிய தழைகளைக் கழுவியபின் துணியில் உருட்டி முழுவதும் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு நறுக்கிய பார்ஸ்லி மாவில் பச்சைச் சேற்றுத் திட்டுகளை உண்டாக்கும். அந்தத் திட்டுகள் வேகாமல் களியாகவே நிற்கும். நறுக்கியதும் மாவில் போடாமல் கடைசியில், சீஸோடு சேருங்கள். இங்கிலாந்தில் மார்ச் முதல் மே வரை ஈரமான காடுகளில் தரை முழுதும் படரும் காட்டுப் பூண்டு இலை இவற்றோடு சேர்க்கத் தகுந்தது. செடாருக்கு அதைவிடப் பொருந்தும் தழையை நான் அறியேன். ஆனால் அதே காலத்தில் அதே காடுகளில் முளைக்கும் லில்லி ஆஃப் த வேலி என்னும் செடியின் இலை அதைப்போலவே தோன்றும், அது நஞ்சு. கசக்கி முகர்ந்து பூண்டு வாசனை வராத இலையைத் தொடவேண்டாம். முகர்ந்த பின் விரலிலேயே பூண்டு மணம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒவ்வோர் இலையையும் கண்ணாலும் பார்த்து எடுக்க வேண்டும்.

காய்ந்த தழையானால் பச்சைத் தழையின் மூன்றில் ஒரு பங்கு போதும். தைம் கிடைக்காத தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு செய்தி: தைமின் மணத்துக்குக் காரணமான தைமால் என்னும் பொருள்தான் ஓமத்தின் மணத்துக்கும் காரணம். அரைத் தேக்கரண்டி ஓமத்தைக் கசக்கிப் போட்டால் சீஸோடு அது மிக நன்றாகவே சேர்கிறது. இதை இங்கிலாந்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்தபோது என்ன தழை என்று கண்டுபிடிக்க முடியாமல் தைம் என்றே முடிவுசெய்தார்.

கடுகுத்தூள் எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்கோனில் கடுகின் காரம் தெரியாது. அடுப்பில் அது பெரும்பாலும் போய்விடுகிறது. ஆனால் அது இருக்கும் ஸ்கோனையும் இல்லாத ஸ்கோனையும் பக்கத்தில் வைத்துத் தின்றால், முதலாவதில் சீஸ் அதிகம் என்று எவரும் சொல்வார்கள். சீஸைக் கூட்டாமல் சீஸ் சுவையைக் கூட்டும் வழி என்பதால், இலேசான ஸ்கோனுக்கு இது ஒரு மறைமுக உதவி. ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் இதையே செய்யும்.

வடிவமைப்பதில் பூரிக்கட்டையை மறந்துவிடுங்கள். மாவு தூவிய பலகையில் கலவையைக் கொட்டி, கைகளால் ஒன்றுசேர்த்து, இரண்டாக மடித்து, மெல்லத் தட்டி, மீண்டும் ஒரு முறை மடித்துத் தட்டுங்கள். அவ்வளவுதான், இந்த இரண்டு மடிப்புகள் அடுக்குகளைத் தரும், பிசைவதாகாது. கனம் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்கோன் அடுப்பில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கோ இரு மடங்கோதான் உயரும். ஒரு சென்டிமீட்டருக்குத் தேய்த்த மாவிலிருந்து உயரமான ஸ்கோனை எதிர்பார்க்க முடியாது.

டம்ளர் விளிம்பைப் பற்றி: அது மழுங்கியது, மேல்புறம் மூடியது. அழுத்தும்போது உள்ளே காற்று அடைபட்டு மாவை நசுக்கும். வெட்டு விழாததால் நாம் முறுக்குவோம். முறுக்கியதும் மாவின் ஓரம் வழித்து மூடப்பட்டு, ஏடுகள் ஒட்டிக்கொண்டு, ஸ்கோன் ஒருபக்கமாகச் சாய்ந்து உயரும். கூர்மையான வட்ட வெட்டி ஒன்றை மாவில் தோய்த்து, முறுக்காமல் நேராக அழுத்தி, நேராக எடுக்க வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால், மாவைச் சதுரமாகத் தட்டிக் கூரான கத்தியால் எட்டாகவோ ஒன்பதாகவோ வெட்டிவிடலாம். நான் வீட்டில் பெரும்பாலும் இதையே செய்கிறேன். வட்டம் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்து மறுபடி தட்டும்போது கிடைக்கும் ஸ்கோன்கள் எப்போதும் முதல் தொகுதியைவிடக் கடினமாகவே வரும். சதுரத்தில் மிச்சமே இல்லை.

வெட்டியவற்றைத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக அடுக்கி, தட்டோடு பதினைந்து நிமிடம் குளிர்பதனப்பெட்டியில் வையுங்கள். வெண்ணெய் மறுபடி இறுகும், இழுபட்ட குளூட்டன் தளரும், ஸ்கோன் நேராக எழும். நெருக்கமாக இருப்பதால் பக்கவாட்டில் பரவ இடமின்றி மேல்நோக்கியே செல்லும். மேலே பாலோ அடித்த முட்டையோ பூசும்போது பக்கங்களில் வழியவிடாதீர்கள். வழிந்தது வெந்து பசையாகி ஓரத்தைக் கீழே கட்டிப்போடும். மேலே தூவும் சீஸ் ஒரு சிட்டிகைதான். கனமாகத் தூவினால் அது ஓடாகி, உங்கள் ஸ்கோனின் தலையில் நீங்கள் சொன்ன அந்த இறுக்கத்தை உண்டாக்கும்.

அடுப்பு 220 டிகிரி; விசிறியுள்ள அடுப்பானால் 200. ஒளி அணைந்து சூடு வந்துவிட்டதென்று காட்டியபின்னும் பத்து நிமிடம் காத்திருந்து, தட்டை மேல்மூன்றிலொரு பகுதியில் வைக்க வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் பொன்னிறமாகும். முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். ஒன்றை எடுத்து அடியைத் தட்டிப் பாருங்கள், உள்ளீடற்ற ஓசை வரவேண்டும். பக்கவாட்டில் ஏடு ஏடாக வெடித்த ஒரு கோடு தெரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். தேநீர் விடுதியில் பழகியவர்கள் கத்தியைத் தொடாமல் அந்தக் கோட்டில்தான் பிரிப்பார்கள்.

எடுத்ததும் கம்பித்தட்டில் ஆறவிடுங்கள். மென்மையாக இருக்கட்டும் என்று துணியால் மூடினால் ஆவி உள்ளேயே இறங்கி, நீங்கள் இவ்வளவு பாடுபட்டு விரட்டிய களித்தன்மை திரும்பிவிடும். சீஸ் ஸ்கோன் சுட்ட அன்றே தீரவேண்டியது. மறுநாளுக்கு மிஞ்சினால் 170 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கலாம், மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும். இருவர் மட்டும் உள்ள வீடென்றால் வெட்டிய பச்சை ஸ்கோன்களைத் தட்டிலேயே உறையவைத்துப் பிறகு பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேண்டியபோது இரண்டை எடுத்து, உறைநிலை தெளியவிடாமலேயே அடுப்பில் வைத்து, நாலு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். வெண்ணெய் கல்லாக இறுகியிருப்பதால் அவை முதல்நாள் சுட்டவற்றைவிட உயரமாகவே எழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.